கண்ணுக்குள்ள தெரியற வலைப்பின்னல்

இந்தத் திரையைக் கொஞ்சம் பாருங்க. வெள்ளைப் பரப்பு, நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. இப்ப புரோகிராமை ஓட விடறேன்.

(திரையில்: பொட்டு வீங்குகிறது, ஓரம் நெளிகிறது, விரல் விரலாகப் பிரிகிறது. திரை முழுக்க வரிகள்.)

இதுல ஒரு வரியைக்கூட நான் வரையலை. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏ, பி-ன்னு ரெண்டு எண் குடுத்திருக்கேன். ரெண்டும் பக்கத்துக்குப் பரவும், ஆனா ஏ-யோட வேகத்துல பாதிதான் பி-க்கு. பி இருக்கற இடத்துல ஏ தீர்ந்து, இன்னும் கொஞ்சம் பி ஆகும். வெளிய இருந்து ஏ ஊட்டமா வந்துட்டே இருக்கும், பி கொஞ்சம் கொஞ்சமா அழியும். விதி அவ்வளவுதான்.

கோயமுத்தூர்ல முக்குக்கு முக்கு பேக்கரி இருக்குதில்லைங்களா? பி-யைப் பேக்கரின்னு வைங்க, ஏ-வை டீ குடிக்க வர்ற சனம்னு வைங்க. கூட்டம் சேர்ற முக்குல ஒட்டியே இன்னொரு கடை முளைக்கும். அந்தக் கடைங்க சுத்துவட்டாரத்து ஆளுங்களை எல்லாம் இழுத்துக்கறதால, கொஞ்சம் தள்ளிப் போடற புதுக்கடை தாக்குப்பிடிக்காது. அதையும் தாண்டுனா அடுத்த முக்கு. யாரும் திட்டம் போடாமயே இடைவெளி விட்டு அமைஞ்சிருது.

இந்தப் புரோகிராம்ல ஊட்டம் 0.055, அழிவு 0.062. இதையே 0.0367, 0.0649-ன்னு மாத்தறேன் பாருங்க. வரியெல்லாம் போயி புள்ளியா வருது, ஒவ்வொரு புள்ளியும் ரெண்டாப் பிரியுது. எண்ணுல இம்மியளவு மாத்தம், படமே வேற.

இந்த யோசனைக்கு வித்து போட்டவர் கணித அறிஞர் ஆலன் டூரிங். 1952-ல எழுதுன கட்டுரையில, கையாலயே கணக்குப் போட்டு, திட்டுத் திட்டான ஒரு படத்தை உண்டாக்கிக் காட்டியிருக்கார். அவரைப் பெத்த ஈத்தல் சாரா பொறந்தது எங்கன்னு நெனைக்கறீங்க? நம்ம கோயமுத்தூர்ப் போத்தனூர்லங்க, 1881-ல. அவங்கப்பா ரயில்வே இஞ்சினியர். அதே 1952-லதான் தன்பாலின உறவுக்காக டூரிங்கைக் குற்றவாளியாக்கி, ஹார்மோன் ஊசி போட்டாங்க. 1954-ல, 41 வயசுல இறந்துட்டார். இதைச் சொல்லாம அவரோட கணக்கை மட்டும் எடுத்துக்க எனக்கு மனசு வரலை.

சரி, இந்தக் கணக்குக்கும் நம்ம மூளைக்கும் என்ன தொடர்புன்னு பாப்போம். 1979-ல எர்மென்ட்ராட், கோவன்னு ரெண்டு பேர் இந்த மாதிரிக் கணக்கையே பார்வையைக் கவனிக்கற மூளைப்பகுதிக்குப் போட்டுப் பாத்தாங்க. அங்க ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லைத் தூண்டும், தள்ளி இருக்கறதை அடக்கும். தூண்டல் மிஞ்சிப்போனா, கண்ணு எதையும் பாக்காமயே மூளையில வரி வரியாத் துடிப்பு கிளம்பும். கண்ணுல இருந்து மூளைக்குப் போற வழியில படம் வளைஞ்சுதான் பதியுது. அந்த வளைவைத் திருப்பிப் போட்டா?

(திரையில்: நேர்வரிகள் வளைந்து சுரங்கமாகின்றன, பிறகு சுருளாகின்றன.)

இப்படி மூளையே உண்டாக்கற படங்களை நெசமாவே பாக்கறவங்க இருக்காங்க. புரை, விழித்திரைக் கோளாறுன்னு பார்வை மங்குன பெரியவங்களுக்கு, மூளை தானா படம் காட்டும். கட்டம், வலை, சில சமயம் ஆளுங்க, முகங்க. முகத்தை இந்தக் கணக்கு விளக்காது. கட்டத்தையும் வலையையும் ஓரளவு விளக்கும். 1760-ல சார்ல் போனேங்கறவர் தன் தாத்தாவுக்கு இப்படி வந்ததை எழுதி வெச்சார். இன்னிக்கும் அவர் பேர்லதான் இதைச் சொல்றாங்க.

இது மனநோய் இல்லைங்க. தெரியறது நெசமில்லைன்னு பெரும்பாலும் அவங்களுக்கே தெரியும். ஆனா வெளிய சொல்ல மாட்டாங்க. பைத்தியம்னுருவாங்களோ, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவாங்களோன்னு பயம். அந்தப் பயத்தோட தனியா உக்காந்திருக்கறதுதான் அவங்களை வாட்டுது.

அதனால நீங்களே கேளுங்க. "அம்முச்சி, கண்ணுல வலையாட்டம், கட்டமாட்டம் ஏதாச்சும் தெரியுதுங்களா?" ஆமான்னா, இந்தப் படத்தைக் காட்டிட்டு, கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. காதுல குரல் கேக்குது, திடீர்னு குழப்பமாப் பேசறாங்க, கை கால் வரலைன்னா அது வேற. உடனே ஆஸ்பத்திரி போகணும். மனசுல பாரம்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் இருக்குது, 14416. தமிழ்லயே பேசலாம், காசு இல்லைங்க.