விலை போகாத மாம்பழமா? வீட்டிலேயே செய்யலாம் நான்கு இனிப்புகள்!

சித்திரை, வைகாசி வந்தால் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் காய் திரண்டு, மண்டியில் வரத்து கூடினால் விலை இறங்கிவிடுகிறது. பறிப்புக் கூலி, வண்டி வாடகைக்கே கட்டுப்படியாகாமல் மரத்தடியில் அழுகும் பழம் எவ்வளவோ! அதே வீட்டுப் பிள்ளைகள் கடையில் சாயம் கலந்த மிட்டாய் வாங்கித் தின்கிறார்கள். தோப்புப் பழம் முழுவதையும் அடுப்படியில் தீர்த்துவிட முடியாது. ஆனால், கழித்துப்போடும் பழத்தில் ஒரு பங்கையாவது காப்பாற்றலாம்.

எந்தப் பழம் எதற்கு?

நீலம், செந்தூரா, பங்கனப்பள்ளி இயல்பிலேயே இனிப்பானவை, சர்க்கரையைக் குறைக்கலாம். பெங்களூராவில் இனிப்பு குறைவு. சற்றுக் கூடுதலாகச் சேர்க்கவும். நாட்டுப் பழத்தில் நார் அதிகம் என்பதால் கூழை சல்லடையில் தேய்த்து எடுக்கவும். 2 கிலோ பழத்தில் ஏறக்குறைய 1 கிலோ கூழ் கிடைக்கும். வைக்கோலில் பழுக்க வைத்த பழமே போதும். கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, அந்தப் பழம் வேண்டாம்.

மாம்பழக் கேசரி

1 கப் ரவையை நெய்யில் வறுத்து, கொதிக்கும் 2 கப் தண்ணீரில் கட்டியில்லாமல் வேகவிடவும். ரவை நன்றாக வெந்த பிறகே முக்கால் கப் சர்க்கரை, 1 கப் கூழ் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் ரவை வேகாது. கால் கப் நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, முந்திரி, ஏலக்காய் சேர்த்து இறக்கவும்.

தேங்காய்ப்பால் பாயசம்

2 கப் கூழை ஒரு ஸ்பூன் நெய்யில் 5 நிமிடம் வதக்கி, 1 கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றவும். இரண்டாம் பால் 1 கப் விட்டுக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, முதல் பால் 1 கப், சுக்கு, ஏலக்காய் சேர்க்கவும். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும்.

குச்சி ஐஸ்

அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, 3 ஸ்பூன் சர்க்கரை சேர்த்து நன்றாக ஆறவிடவும். சூடான பாலில் மாம்பழம் கலந்தால் பால் திரியும். ஆறியதும் 1 கப் கூழ் கலந்து, சிறிய டம்ளர்களில் ஊற்றி, குச்சி செருகி, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் ஓர் இரவு வைக்கவும்.

வெயிலில் காய்ந்த மாம்பழத் தகடு

ஆந்திராவில் 'மாமிடி தாண்ட்ரா' என்று இதை விற்பனைக்கே செய்கிறார்கள். 1 கிலோ கூழுடன் 150 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிடவும். நெய் தடவிய தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி வெயிலில் வைக்கவும். முதல் படலம் காய்ந்ததும் அடுத்ததை ஊற்றவும். மாலையில் தட்டை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். கையில் ஒட்டாமல் உரிந்து வந்தால் பக்குவம். துண்டு போட்டு, ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் பல வாரங்கள் கெடாது.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

*அடிபட்ட பழத்தைப் பயன்படுத்தலாமா?*
அடிபட்ட இடத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். புளித்த வாடையோ பூஞ்சணமோ இருந்தால் முழுப் பழத்தையும் எருக்குழியில் போடுங்கள்.

*காற்றில் விழுந்த பிஞ்சுக் காய்?*
அது சரியாகப் பழுக்காது. ஊறுகாய், வற்றலுக்கே ஏற்றது.

*சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?*
வெல்லம் போட்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அளவோடு சாப்பிடவும்.

*விற்பனை செய்யலாமா?*
உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு விற்கலாம். முதலில் ஒரு தட்டு செய்து, ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.