வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை: வீவக வீட்டில் எதுவரை முடியும்?

பாட்கேஸ்ட் தொடங்க ஆசை. பிடித்த பாட்டைப் பாடி இன்ஸ்டகிராமில் போட ஆசை. மைக் வாங்கியாச்சு, மடிக்கணினியும் தயார்.

பதிவு செய்ததைக் கேட்டால் குளியலறையில் பேசுவதுபோல் இருக்கிறது. நடுவில் மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். இரவு 11 மணிக்கு நீங்கள் உச்சஸ்தாயியில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே தொல்லைதான்.

வீட்டில் தரமாகப் பதிவு செய்யவே முடியாதா? முடியும். 2020ஆம் ஆண்டின் கிராமி விழாவில் சிறந்த இசைத்தொகுப்புக்கான விருதை வென்றார் பில்லி ஐலிஷ். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி பதிவானது லாஸ் ஏஞ்சலிஸில், அவருடைய அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில்!

ஆனால் அதற்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலித்தடுப்பு வேறு, எதிரொலிக் குறைப்பு வேறு

ஒலித்தடுப்பு என்பது உள்ளே எழும் சத்தம் வெளியே போகாமலும், வெளிச்சத்தம் உள்ளே வராமலும் தடுப்பது.

எதிரொலிக் குறைப்பு என்பது அறைக்குள் எழும் ஒலி சுவர்களில் மோதித் திரும்பாமல் அடக்குவது.

இரண்டுக்கும் தேவையான பொருள்கள் வேறு. ஆகும் செலவும் வேறு. கடையில் 'சவுண்ட்புரூஃப்' என்று விற்கப்படும் மெல்லிய நுரைப்பஞ்சுத் தகடுகள் இரண்டாவது வேலையைத்தான் செய்யும். அதுவும் உச்ச ஒலிகளுக்கு மட்டுமே. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் அந்த அளவு பலன்கூடக் கிடைக்காது.

ஏன் அப்படி? 100 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அத்தனை நீளமான அலையை 2 சென்டிமீட்டர் நுரைப்பஞ்சால் ஒன்றும் செய்ய முடியாது.

சத்தத்தை உண்மையில் தடுப்பது எது?

மூன்று விஷயங்கள்.

எடை: சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஏறத்தாழ 6 டெசிபெல்தான் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும்.

இடைவெளி இல்லாமை: காற்று நுழையும் இடத்தில் ஒலியும் நுழையும். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் 1 விழுக்காடு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு சுமார் 20 டெசிபெலைத் தாண்டாது. கதவுக்கு அடியிலுள்ள சந்து அவ்வளவு முக்கியம்!

தொடர்பை அறுத்தல்: டிரம்ஸ் பெடலை மிதிக்கும்போது அதிர்வு காற்றில் மட்டும் போவதில்லை. தரையில் இறங்கி, கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடுகிறது. மின்னியல் டிரம்ஸ் வாங்கி ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டாலும் கீழ்வீட்டுக்கு 'டொம் டொம்' கேட்பது இதனால்தான்.

அப்போ 'அறைக்குள் அறை' கட்டலாமா?

தொழில்முறை ஸ்டூடியோக்கள் செய்வது அதைத்தான். பழைய சுவரைத் தொடாமல், உள்ளே தனியாக இன்னொரு சுவர், கூரை, தரை எழுப்புவார்கள். வீவக வீட்டில் அதற்கு எடைதான் முதல் தடை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 2 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் கொண்ட சிறு அறை. சுவர்களும் கூரையும் சேர்த்துச் சுமார் 23 சதுர மீட்டர். ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு போட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோ. பலகை மட்டுமே 400 கிலோவைத் தாண்டிவிடும்!

அது 4 சதுர மீட்டர் தரையில் நிற்கிறது. அதாவது சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல். குடியிருப்புத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. சட்டம், கதவு, கருவிகள், நீங்கள், நண்பர் என்று சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே, இப்படி ஒன்றைக் கட்ட நினைத்தால் முதலில் வீவகவின் புதுப்பிப்பு விதிகளைப் பாருங்கள். பொறியாளரிடம் கேளுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும்.

'பாம் ஷெல்டர்' ஸ்டூடியோ ஆகுமா?

பலருக்கும் வரும் யோசனை இது. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வெளிச்சத்தம் குறைவுதான்.

ஆனால் அறை மிகச் சிறியது. 1.5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக இரண்டு கான்கிரீட் சுவர்கள் இருந்தால் ஏறக்குறைய 114 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி முழங்கும். ஆண்குரலின் அடிப்படை ஒலி இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். அதனால் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். கனமான மெத்தைகள், போர்வைகளை உள்ளே வைத்தால் ஓரளவு சரியாகும்.

அங்கே விதிகளும் கடுமை. சுவரில் நினைத்தபடி துளையிடக்கூடாது, காற்றுத் துளைகளை அடைக்கக்கூடாது, கதவை மாற்றக்கூடாது. அவசரகாலத்தில் உயிர்காக்கக் கட்டப்பட்ட இடம் அது. வைப்பதெல்லாம் எளிதாக வெளியே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். பதிவுக்கு நடுவே கதவைத் திறந்து காற்று வாங்குங்கள்.

செலவு குறைவாகச் செய்யக்கூடியவை

1. கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஓர் அதிர்வு கேட்டால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மோதி விளையாடுகிறது என்று அர்த்தம். துணி நிறைந்த அலமாரி, புத்தக அடுக்கு, மெத்தை, கனத்த திரைச்சீலை உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள்.

2. உங்கள் முதுகுக்குப் பின்னால் போர்வை. பெரும்பாலான குரல் மைக்குகள் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும். மைக் உங்களை நோக்கி இருக்கிறது என்றால், அது உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரையும் பார்க்கிறது. முதலில் மூட வேண்டியது அந்தச் சுவரைத்தான்.

3. மைக்குக்கு அருகே வாருங்கள். 30 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு வந்தால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். காசே இல்லாத முன்னேற்றம்! 'ப', 'ஃப' வெடிப்பைத் தடுக்க ஒரு பாப் ஃபில்டர் போதும்.

4. சொந்தமாகப் பலகை செய்யுங்கள். மரச்சட்டத்துக்குள் 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் வைத்து, துணியால் முழுக்க மூடுங்கள். துணியில் வாய்வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் தாழ்ந்த ஒலிகளையும் கூடுதலாக உறிஞ்சும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

5. கதவுச் சந்தை அடையுங்கள். ஓரங்களில் ரப்பர் பட்டை, அடியில் 'டோர் ஸ்வீப்'. ஒரு மணிநேர வேலை. பதிவு முடிந்ததும் கதவைத் திறந்துவிடுங்கள்.

6. குளிர்சாதனத்தை முன்கூட்டியே போடுங்கள். அறை குளிர்ந்ததும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யலாம். நம்ம ஊர் வெயிலுக்கு இதுவே நடைமுறை.

நுரைப்பஞ்சு வாங்குமுன் ஒரு கேள்வி

அது தீயைத் தாங்குமா? 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 'தி ஸ்டேஷன்' இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கைப் பொறி பட்டு, சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டது. 100 பேர் உயிரிழந்தனர்.

தீத்தடுப்புச் சான்று இல்லாத மலிவான பஞ்சைப் படுக்கையறையில் ஒட்ட வேண்டாம். அதன்மேல் மின்கம்பிகளோ சூடாகும் விளக்குகளோ வேண்டவே வேண்டாம்.

அண்டைவீட்டாரை மறக்காதீங்க

அக்கம்பக்க இரைச்சல் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022இல் அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணிவரை என்று நீட்டிக்கப் பரிந்துரைத்தது. அந்த நேரத்தில் குரலைத் திருத்துவது, வெட்டி ஒட்டுவது போன்ற வேலைகளை ஹெட்ஃபோனில் வைத்துக்கொள்ளலாம். பாடுவதைப் பகலுக்கு மாற்றுங்கள்.

பதிவு தொடங்குமுன் பக்கத்து வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "ஆன்ட்டி, சனிக்கிழமை 3 மணிக்குப் பாடுவேன், தொந்தரவா இருந்தா மெசேஜ் பண்ணுங்க" என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை வராது. பிறருக்குக் கட்டணம் வாங்கிப் பதிவு செய்து கொடுக்க நினைத்தால், வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான விதிகளையும் பாருங்கள்.

எது வீட்டில், எது வெளியில்?

பேச்சு, பாட்கேஸ்ட், குரல், கித்தார்: வீட்டு அறையே போதும்.

வயலின், புல்லாங்குழல்: பகலில், பலகைகள் இருந்தால் முடியும்.

மிருதங்கம், தவில், உருமி, டிரம்ஸ்: மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவே நல்லது. அதை அங்கே பதிவு செய்து, குரலை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.