இழுபட்டு வரும் இழை

நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பலில், சீமெந்தே சேர்க்காமல் கொங்கிறீட் பீம் போடலாமாமே, பாரம் தாங்குமா என்று கம்பளை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாவைத் தொட்டதைப் பார்த்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

தாங்கும். நிலக்கரிச் சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கோஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலில் கரைந்து, மறுபடி பிணைந்து கல்லாக இறுகுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970களில் இதற்கு ஜியோபொலிமர் என்று பெயரிட்டார். 60 பாகை செல்சியஸ் அளவில் சூடு கொடுத்தால் சீக்கிரம் பலம் பிடிக்கும். கண்டிக் குளிரில் விட்டால் ஆறுதலாகத்தான் இறுகும்.

குறை, சட்டென்று வெடிக்கும் குணம். பாரம் ஏறினால் பீமின் மேற்பக்கம் நெரிபடும், அடிப்பக்கம் இழுபடும். இழுவையைக் கம்பி பார்த்துக்கொள்ளும். கம்பிகளுக்கு நடுவே புறப்படும் மயிரிழை வெடிப்பைப் பிடிக்கத்தான், முனை வளைந்த சின்ன உருக்கு இழைகளைக் கலவையில் தூவுகிறார்கள்.

இதில் நான் வியந்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. இந்த இழை அறக் கூடாது. இழுபட்டு வர வேண்டும். தேயிலை மலையில் புல் பிடுங்கியவர்களுக்கு இது விளங்கும்: படக்கென்று அறும் வேர் கையை வருத்தாது, மண்ணை உரசிக்கொண்டு வரும் வேர்தான் ஆளைக் களைக்கவைக்கும். வெடிப்புக்குக் குறுக்கே கிடக்கும் ஒவ்வோர் இழையும், வளைந்த முனை நிமிர நிமிர உரசி வந்து, பாரத்தின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஆய்வுகூடத்தில் பீமுக்கு வெள்ளையடித்து, பாரம் ஏற ஏற வெடிப்பை ஒட்டிப் பேனையால் கோடு இழுப்பார்கள். இழை போட்ட பீமில் ஒன்றிரண்டு அகன்ற பிளவுக்குப் பதில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக விழும். அது நன்றாகத் தொய்ந்து காட்டிய பிறகே கைவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட அந்த அவகாசம் வேண்டும்.

இழை போட்டால் கம்பி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பியைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இழையை அதற்குச் சாட்டாக்கக் கூடாது. கனவளவில் நூற்றுக்கு ஒரு பங்கு இழை போதும். அள்ளிக் கொட்டினால் பந்துபந்தாகத் திரண்டு கலவையைக் கெடுக்கும். கோஸ்டிக் சோடாவோ தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் கொடுக்காமல் தொழிலாளியை அதன் பக்கத்தில் நிறுத்துவது அநியாயம்.

ஆகவே வீட்டு முற்றத்தில் குழைக்கும் வேலை அல்ல இது. பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2013இல் திறந்த கட்டடத்தில் 33 ஜியோபொலிமர் தளப் பீம்கள் இருக்கின்றன; எல்லாமே பட்டறையில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டியவை. நம் ஊரில் வேலித்தூணும் கதவுநிலை மேல் லின்டலும் வார்க்கும் பட்டறைகள், பேராதனைப் பொறியியல் பீடத்தாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லின்டலிலிருந்து தொடங்கலாம்.