ஈஸ்டில் விளையும் ஒரு வைரஸின் மேலுறை

ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக் குப்பியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக வண்டல் படியும். நர்ஸ் அதைக் குலுக்கிவிட்டுத்தான் சிரிஞ்சில் ஏற்றுவார். அந்த வண்டல் ஒரு அலுமினிய உப்பு. அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது வைரஸின் மேலுறைப் புரதம். வைரஸ் கிடையாது, உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை; வெறும் உறைதான். அதனால் இந்த ஊசி போட்டு மஞ்சள் காமாலை வந்துவிடுமோ என்று அஞ்ச இடமே இல்லை.

இந்த வைரஸ் தன் உறையைத் தேவைக்கு மேல் ஏராளமாகச் செய்து தள்ளும். உள்ளீடற்ற உறைகள் நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும். 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பெர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்ட புதிரான புரதம் இதுதான். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசியை, நோய் தொற்றியவர்களின் ரத்தத்திலிருந்தே உறைகளைப் பிரித்துச் சுத்திகரித்துச் செய்தார்கள். எய்ட்ஸ் பீதி பரவிய காலம் அது. பிறர் ரத்தத்திலிருந்து வந்த மருந்தை ஏற்க மக்கள் தயங்கினார்கள். 1986-ல் விடிவு வந்தது. உறைக்கான மரபணுவை மட்டும் ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்டுக்குள் புகுத்தினார்கள். ஈஸ்ட் பெருகப் பெருக உறையும் விளைந்தது. மரபணுப் பொறியியலில் பிறந்த முதல் மனிதத் தடுப்பூசி அது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியபின் விலை நம் கைக்கு எட்டியது.

பெரியவர்களுக்குத் தோளுக்குக் கீழே, மேல்கைத் தசையில் போடுவார்கள். இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிப் பலன் குறையும். ஓரிரு நாள் கை வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் காயும், அவ்வளவே. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. பலர் கோட்டை விடுவது இந்த மூன்றாவதைத்தான். எதிர்ப்புப் புரதத்தைப் பன்மடங்கு உயர்த்தி நீண்ட காலம் நிலைக்கச் செய்வது அதுதான். தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட ஊசியைப் போட்டுக்கொண்டால் போதும்.

பச்சிளங்குழந்தைக்குக் கணக்கே வேறு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் ஊசி போட்டாக வேண்டும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே வைரஸை விரட்டிவிடுவார்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். 1984-ல் தைவான் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுத்ததை உலகம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இந்த மருந்து இருக்கிறது. ஆனால் பிறந்த அன்றைய ஊசிக்கு அது ஈடாகாது. குழந்தையோடு வீடு திரும்புமுன் தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.