பூமிப் பந்தின் மீது குறுக்கு வழி

வகுப்பறைச் சுவரிலே தொங்கும் உலகத் தேசப்படத்தில், பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியையும் யப்பானின் தலைநகரான தோக்கியோவையும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி இணைத்தால், அக்கோடு தென்கிழக்கே சரிந்து, கசகஸ்தானத்தையும் மங்கோலியாவையும் வட சீனத்தையும் கொரியாவையும் கடந்து யப்பானை அடையும். இதனிலும் கிட்டிய வழி இருத்தல் கூடுமோ என்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆயினும், 2022 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இவ்விரு நகரங்களுக்கிடையே பறந்த விமானங்கள், ஹெல்சிங்கியை விட்டெழுந்ததும் வடகிழக்கே திரும்பிச் சைபீரியாவின் பனிவெளிக்கு மேலாகவே சென்றன. தெற்கேயுள்ள ஊருக்குப் போகிறவன் வடக்கு நோக்கிப் புறப்படுவானேன்?

விடையைத் தேசப்படத்திற் காணமுடியாது. பூகோள உருண்டையிலேதான் காணவேண்டும். உருண்டையின் மீது ஹெல்சிங்கியில் நூலின் ஒரு நுனியையும், தோக்கியோவில் மறு நுனியையும் அழுத்திப் பிடித்து, நூலைத் தளர்வின்றி இழுத்தால், அது தானாகவே வடக்கே ஏறி, வட ஆர்க்டிக் வட்டத்தைச் சிறிதளவு தாண்டி, ஓப் நதியின் கழிமுகத்தருகே உச்சியை எட்டி, பின்னர் தெற்கே வளைந்து, ஆமூர் நதியையும் யப்பான் கடலையும் கடந்து தோக்கியோவிற் சேரும். இறுக இழுத்த நூல் நீண்ட வழியை நாடாது. அது காட்டும் பாதையே மிகக் குறுகிய பாதை.

இப்பாதை பெருவட்டம் ஒன்றின் வில். ஒரு தோடம்பழத்தை அதன் நடு மையத்தினூடாக வெட்டினால், தோலின் மீது விழும் வட்டமே அப்பழத்தின் மேல் அமையக்கூடிய மிகப் பெரிய வட்டம். மையத்தை விட்டு விலக்கி வெட்டினால் வட்டம் சிறுத்துவிடும். பூமியில் மத்தியகோடு ஒரு பெருவட்டம். நெடுங்கோடுகள் ஒவ்வொன்றும் பெருவட்டத்திற் பாதி. மற்ற அகலக்கோடுகளோ யாவும் சிறு வட்டங்களே. ஓர் ஊரிலிருந்து கிழக்கே பார்த்தபடி அகலக்கோட்டின் வழியே நடப்பவன் நேரே செல்வதாக எண்ணினும், மெய்யாக வளைந்தே செல்கிறான்.

அங்ஙனமாயின் சுவரிலுள்ள படம் பொய்யா? அன்று. பலருக்கும் பழகிய உலகப்படம் மேர்க்கேற்றர் என்பார் 1569 ஆம் ஆண்டில் வெளியிட்ட எறியத்தை அடியொற்றியது. திசைகாட்டி ஒரே பாகையைக் காட்ட ஓடும் கப்பலின் வழி அதில் நேர்கோடாக அமையும். மாலுமிக்கு வேண்டியதும் அதுவே. அந்நேர்கோட்டைத் தூரத்தின் அளவாகக் கொள்வது பார்ப்பவரின் பிழையேயன்றி வரைந்தவரின் பிழையன்று.

இனித் தூரத்தைக் கணிப்போம். இரு நகரங்களின் விமான நிலையங்களிலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடுகள் செல்வதாகக் கொண்டால், அவை மையத்தில் ஆக்கும் கோணம் ஏறத்தாழ 70.4 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகை 111.2 கிலோமீற்றர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 7,830 கிலோமீற்றர் கிடைக்கும். பூமி துருவங்களிற் சற்றே தட்டையானது என்பதனால் வரும் வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. தேசப்படத்து நேர்கோட்டின் வழியே பறப்பின் தூரம் ஏறத்தாழ 8,780 கிலோமீற்றர். அதாவது 950 கிலோமீற்றர் வீண்; விமானத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம்.

இவ்வேறுபாடு எங்கும் இத்துணைப் பெரிதன்று. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்பவர் மத்தியகோட்டின் அண்மையிலேயே பறப்பதால், இரு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். துருவத்தை நெருங்க நெருங்கவே வேறுபாடு வளர்கிறது.

பெருவட்டத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அதன் வழியே செல்பவரின் திசை கணந்தோறும் மாறும். ஹெல்சிங்கியில் வடக்கிலிருந்து 51 பாகையில் தொடங்கும் பாதை, ஓப் நதியருகே நேர் கிழக்காகி, தோக்கியோவில் 152 பாகையில், அதாவது தென்கிழக்கிலும் தெற்கே சாய்ந்து முடிகிறது. காந்த முனைக்கு அண்மையிலோ காந்தவூசியை நம்பவே முடியாது. ஆகவேதான் துருவ வழிகளில் முதலில் பறந்தோர் சுழலித் திசைகாட்டியையும் வானத்து உடுக்களையும் துணைகொண்டனர்.

ஒரே திசையைப் பற்றிக்கொண்டு செல்வது எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு 1983 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1 ஆந் திகதி நிகழ்ந்த பேரவலம் சான்று. அலாஸ்காவின் அங்கறேஜிலிருந்து சியோல் நோக்கிச் சென்ற தென்கொரிய விமானமொன்று, தன்னியக்கக் கருவி மாறாத ஒரு காந்தத் திசையிலேயே நிலைத்திருந்ததால் வழி விலகி, சோவியத்து வான்பரப்பினுள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். காரணம் இதுவேயென்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 1993 ஆம் ஆண்டு ஆய்வு முடிவு செய்தது. சுட்டவர் குற்றம் இதனாற் குறைந்துவிடாது.

வான்பரப்பு என்றதும் கணிதம் நின்று அரசியல் தொடங்குகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானில் முழு அதிகாரம் உண்டென்பது 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை. சோவியத்து வான் மூடியிருந்த காலத்தில், ஸ்கந்திநேவிய விமான சேவை 1957 ஆம் ஆண்டு பெப்ருவரியில் கொப்பன்ஹேகனிலிருந்து அங்கறேஜ் வழியாகத் தோக்கியோவுக்குத் துருவ வழியைத் திறந்தது. 1983 இல் பின்லாந்து விமான சேவை, வட துருவத்தைச் சுற்றி எங்கும் இறங்காமலே தோக்கியோவை அடைந்தது. அப்பயணம் ஏறத்தாழ 13 மணித்தியாலம். பின்னர் சைபீரிய வழி திறந்தபோது அது 9 மணித்தியாலத்தைச் சற்றே தாண்டிய பயணமாகச் சுருங்கிற்று. ஹெல்சிங்கி ஆசியாவுக்கு வாயிலானதும் இக்குறுக்கு வழியினாலேயே.

2022 பெப்ருவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தபின், ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானை மூடின. ரஷ்யாவும் பதிலுக்குத் தன் வானை மூடியது. மார்ச்சு மாதத்தில் பின்லாந்து விமானங்கள் மீண்டும் துருவத்தைத் தாண்டி, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடைப்பட்ட பேரிங் நீரிணை வழியாகத் தோக்கியோ செல்லலாயின. பயணம் மறுபடியும் 13 மணித்தியாலமாயிற்று. துருவத்தைக் கடந்தமைக்கு அடையாளமாகப் பயணிகளுக்குச் சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டது. எரிபொருட் செலவோ பெரிதும் ஏறிற்று. சைபீரியாவின் மேலாகப் பறக்கத் தடையற்ற சீன விமானங்களோ பழைய குறுக்கு வழியிலேயே ஐரோப்பாவுக்குப் போய்வந்தன.