தோளோடு தோள் நின்று: எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பட்டறை

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அக்கா என்னிடம் கேட்டார்.

"மிஸ், எங்களுக்குச் சங்கம் இருக்கு, சீட்டு இருக்கு, மனம் விட்டு அழுகிறதுக்கு நீங்கள் இருக்கிறீங்கள். அந்த மனுசனுக்கு என்ன இருக்கு? தவறணை மட்டும்தான் இருக்கு."

அவரது கணவர் ஒருகாலத்தில் ஊரறிந்த தச்சர். 2009ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்கால் பொருத்தியிருக்கிறார். அக்கா விடிய எழும்பிக் கச்சான் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போவார். அவர் விறாந்தையில் இருப்பார். பேச்சுக் குறைவு. மாலையானால் மட்டும் எழுந்து நடப்பார். எங்கே என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, வன்னியில் பல வருடங்களாகச் சமூகப் பணி செய்துவரும் எனக்கு அந்தக் கேள்வி சுட்டது. போருக்குப் பின் நாம் நடத்திய வேலைத்திட்டங்களில் பெரும்பாலானவை பெண்களுக்கானவை. அது தேவையானதே. ஆனால் வீட்டில் இன்னொருவர் வாய் திறவாமல் உடைந்துகொண்டிருந்தால், அந்தச் சுமையும் கடைசியில் பெண்ணின் தலையில்தான் ஏறுகின்றது.

தோற்றுப்போன முதல் முயற்சி

முதலில் நான் படித்தபடியே செய்தேன். பொதுநோக்கு மண்டபத்தில் ஆண்களுக்கென ஒரு கலந்துரையாடலை ஒழுங்கு செய்தேன். ஏழு பேர் வந்தார்கள். வட்டமாக இருத்தி, "உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்" என்றேன். "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் ஒருவர். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். பிளேன்ரீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த கிழமை யாரும் வரவில்லை.

தூரதேசத்துக் கொட்டகைகள்

அந்த நாட்களில்தான் அவுஸ்திரேலியாவில் உள்ள 'ஆண்களின் கொட்டகை' பற்றி வாசித்தேன். ஓய்வுபெற்று, வேலையும் நண்பர்களும் இல்லாமல் தனித்துப்போன ஆண்கள் ஒரு கொட்டகையில் கூடி, மரவேலை செய்வதும் பழைய பொருட்களைத் திருத்துவதுமே அதன் ஏற்பாடு. தென் அவுஸ்திரேலியாவின் கூல்வா என்னும் ஊரில் 1993இல் இப்படியொரு கொட்டகையைத் தொடங்கியவர் மக்சின் சேசலிங் என்ற ஒரு பெண் என்பது எனக்குத் தைரியம் தந்தது. 1998இல் விக்ரோரியா மாநிலத்தின் ரொங்காலாவில் இன்னொன்று திறக்கப்பட்டது. 2007இல் அவற்றுக்கென ஒரு தேசிய சங்கம் உருவானது. பின்னர் அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் பரவியது. இன்று அவுஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கொட்டகைகள் உள்ளன.

ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதுதான் பேசுவார்கள் என்பது அங்கே அடிக்கடி சொல்லப்படும் கருத்து. என் வட்டக் கூட்டம் ஏன் தோற்றது என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் ஊரில்

நான் 'பட்டறை' என்று சொன்னதும், "இன்னொரு செயலமர்வோ மிஸ்?" என்று கேட்டார்கள். "இல்லை அண்ணை, சீவுளியும் வாளும் உள்ள பட்டறை" என்றேன்.

கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியம் பாவனையின்றிக் கிடந்தது. கேட்டுப் பெற்றோம். ஒரு சீவுளி, இரண்டு வாள், ஐந்து உளி, இரண்டு சுத்தியல். எல்லாம் இரவல்.

மாதர் சங்கத்தில்தான் பெரும் வாக்குவாதம் நடந்தது. "எங்கட காசைக் குடிக்கிறவைக்குக் கொடுக்கிறதோ?" என்று ஒரு அம்மா எழுந்து நின்று கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இறுதியில் காசு கொடுப்பதில்லை, வேலை கொடுப்பது என்று முடிவானது. முன்பள்ளியில் உடைந்து கிடந்த பன்னிரண்டு சின்னக் கதிரைகளைத் திருத்தித் தந்தால் கூலி தருவோம் என்றார்கள்.

பட்டறைக்கு வந்தவர்கள் தாமே மூன்று விதிகளை வைத்தார்கள். குடித்துவிட்டு வரக்கூடாது. யாரையும் கதைக்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது. பெயர்ப் பதிவு, கையொப்பம் எதுவும் இல்லை. மூன்றாவது விதி ஏன் என்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

அக்காவின் கணவர் முதல் இரண்டு வாரமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம், ஒரு இளைஞன் சீவுளியைப் பிழையாகப் பிடித்திருப்பதைக் கண்டு பொறுக்கமுடியாமல் உள்ளே வந்தார். "தம்பி, மரத்தின்ர ஓட்டத்துக்கு எதிராச் சீவாதை" என்றார். அன்று முழுவதும் அங்கேயே நின்றார்.

நான் விட்ட பிழை

இரண்டு மாதத்தில் என் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது. உதவி கிடைக்குமென்று ஒரு நிறுவன அலுவலரைக் கமெராவுடன் அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். அடுத்த கிழமை பட்டறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். படங்களை அழிப்பித்தேன். "உங்களில கோபமில்லை பிள்ளை. ஆனா எங்களைக் காட்சிப்பொருள் ஆக்காதைங்கோ" என்றார் ஒரு ஐயா. அவர்கள் திரும்பி வர ஒரு மாதம் எடுத்தது.

என்ன மாறியது?

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அக்காவின் கணவர் குடியை முற்றாக விடவில்லை. பட்டறை உள்ள மூன்று நாட்களிலும் குடிப்பதில்லை, அவ்வளவுதான். கதிரைகளை அடுத்து வீட்டு யன்னல்களுக்கான வேலைகள் வந்தன. சிறு வருமானம் வருகின்றது.

ஒருநாள் மரத்துக்கு மணற்கடதாசி தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், நிமிர்ந்து பாராமலே, காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யாரும் வேலையை நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்றவரும் தேய்த்தபடியே, "என்ர தம்பியும்தான்" என்றார். அவ்வளவு காலமும் அவர் மனைவியிடம்கூட அந்தப் பெயரை உச்சரித்ததில்லையாம்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் ஊரிலும் தொடங்க விரும்பினால், பேச்சிலிருந்து அல்ல, வேலையிலிருந்து தொடங்குங்கள். ஊருக்குப் பயன்படும் வேலையாக இருக்கட்டும். பொறுப்பை ஆண்களிடமே விடுங்கள். பட்டறையை நடத்துவதும் உங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பட்டறை அடிக்கும் கைக்கு மருந்தல்ல. மனவேதனை வன்முறைக்குச் சாட்டாகாது. வீட்டில் அடி விழுந்தால், "பட்டறைக்குப் போய்த் திருந்துவார்" என்று காத்திருக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புக் கட்டளை பெறும் உரிமையைத் தருகின்றது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழையுங்கள். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். உயிரை விடப்போவதாக ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சாக எண்ணாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது.

கடந்த மாதம் அக்காவைச் சந்தித்தேன். "எப்படி அக்கா?" என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நேற்று ராத்திரி அவர் கதைச்சவர் மிஸ். அந்தத் தம்பிக்கு இப்ப சீவுளி பிடிக்கத் தெரியுமாம். வேற ஒண்டுமில்லை. ஆனா கதைச்சவர்."