உப்பைக் கூட்டிச் செல்லும் சர்க்கரை

வயிற்றுப்போக்கு முற்றியவருக்கு வெறும் தண்ணீரை எவ்வளவு கொடுத்தாலும் பெரும்பகுதி உடலில் தங்குவதில்லை. அதே தண்ணீரில் அளவாக உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுங்கள், தங்கிவிடும். இந்த ஜாலம் நடக்குமிடம் சிறுகுடல் செல்களின் சவ்வு.

கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து நிற்பதே செல் சவ்வு. பத்தாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன் வரும். அவ்வளவு மெல்லியதுதான், ஆனால் கறார். ஆக்சிஜன் தாராளமாகப் புகுந்துவிடும். உப்பிலிருக்கும் சோடியம் அயனியோ (மின்னேற்றம் பெற்ற அணு) குளுக்கோஸோ அப்படிப் புக முடியாது. அவற்றுக்கெனப் புரதத்தால் ஆன வாயில்கள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றின் நிபந்தனை விசித்திரமானது: இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே அனுமதி. இந்த 'இணைக்கடத்தல்' கருத்தை 1960இல் பிராக் நகரில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன்.

சரி, சோடியம் ஏன் உள்ளே போகத் துடிக்கிறது? செல்லின் ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு பம்பு ஓயாமல் இயங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியத்துக்கு நிரந்தரப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை நோக்கிப் பாயும் சோடியம், போகிற போக்கில் குளுக்கோஸையும் இழுத்துச் செல்கிறது. கரைபொருள் கூடும் பக்கம் நகர்வது நீரின் இயல்பு (இதுவே சவ்வூடு பரவல்). ஆகவே தண்ணீரும் பின்னாலேயே போய்விடுகிறது.

காலரா நஞ்சு குடல் செல்களைக் குளோரைடையும் நீரையும் வெளியே கொட்டவைக்கும். நல்லவேளை, இந்த இணை வாயிலை மட்டும் அது முடக்குவதில்லை! 1971இல், வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதிகள் நடுவே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதே கரைசலின் வாரிசு. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் அதைக் கலக்க வேண்டும். தெம்பு வரட்டுமே என்று கூடுதலாகச் சர்க்கரை போடாதீர்கள். குடலுக்குள் செறிவு ஏறினால் தண்ணீர் உடலிலிருந்து குடலுக்குத் திரும்பி, போக்கு இன்னும் மோசமாகும். சர்க்கரை மிகுந்த குளிர்பானம் கூடாது என்று மருத்துவர்கள் தடுப்பதும் இதனால்தான்.